எத்தனை காப்பி

ஆற்காடு ரோட்டில், ஆஸ்பத்திரிக்கு எதிர்வாடையில்
ஆறடிக்கு ஒன்பதடி என் ஜெராக்ஸ் கடை.
பதினாறு வருஷமாக
யார் யாருடைய ஈரலோ, யார் யாருடைய எலும்போ
சுடச்சுட என் கையில் வந்து விழுந்திருக்கிறது.
"கொதோ?" என்பார்கள் சிலிகுரியிலிருந்து வந்தவர்கள்.
"துய் டாகா" என்பேன்.
காகிதம் நீட்டும் கை நடுங்கினால்
சில்லறையோடு சேர்த்து ஒன்று சொல்வேன்:
ஒண்ணும் இருக்காது, போய்ட்டு வாங்க.
அதற்கு நான் காசு வாங்கியதில்லை.

போன செவ்வாய் என்னுடையது வந்தது.
வலது பக்கம், மேல் மடல், பதினோரு மில்லிமீட்டர்.
படித்ததும் ஸ்கேலை எடுத்தேன்.
பஞ்சிங் மெஷின் போடும் ஓட்டை ஆறு.
இரண்டு ஓட்டைக்கு ஒன்று குறைவு.
இவ்வளவுதானா என்றும் இருந்தது,
இவ்வளவா என்றும் இருந்தது.

டாக்டரம்மா என்னைத் தாண்டி
ஏகாம்பரத்தைப் பார்த்துக் கேட்டார்: பீடி, சிகரெட்?
தொட்டே அறியாத மனுஷன்
திருடிய பையனைப் போல் தலையை ஆட்டினார்.
வீடு திரும்பும் ஆட்டோவில்
பஸ் புகையை, கொசுவத்தியை, அம்மா வீட்டு விறகடுப்பை,
கல்யாணத்துக்கு முன்னால் ராணிப்பேட்டை தோல் ஷாப்பில்
நான் வேலை பார்த்த நாலு வருஷத்தை
ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றினோம்.
எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை முதுகில் ஊசி இறக்கிச் சதை எடுத்தார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் ஒரு பையன்:
மூச்சை இழுங்க.
பிடிங்க.
மூன்றாவது வார்த்தையில் மைக் கரகரத்துவிட்டது.
விட்டுத்தான் இருப்பேன், விடாமல் எப்படி.
ஆனாலும் ஆறு நாளாகக்
குளிக்கும்போது, மிளகாய் வறுக்கும்போது,
கல்லாவில் பத்து ரூபாய்க்குத் தேடும்போது
பிடித்துக்கொண்டே நிற்கிறேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் ரிசல்ட்.

"கூகுள் பண்ணாதம்மா" என்கிறாள் ஓசூரிலிருந்து மோனிஷா.
பண்ணிப் பண்ணி சார்ஜ் தீர்ந்த போனை
வயரில் செருகிக்கொண்டே "சேச்சே" என்கிறேன்.
ஏகாம்பரம் ஜலகண்டேஸ்வரருக்கு வேண்டிக்கொண்டு
வெள்ளி வரைக்கும் டீயை விட்டிருக்கிறார்.
டீ இல்லாமல் அவருக்குத் தலைவலி.
அதற்கு நான் தைலம் தேய்க்கிறேன்.

ராத்திரி அவர் தூங்குவதுபோல் படுத்திருக்கிறார்.
நான் இருமல் இல்லாதவள்போல் படுத்திருக்கிறேன்.
அடக்க முடியாதபோது கொல்லைக்குப் போய்
சத்தத்துக்காகக் குழாயைத் திறந்து வைத்து இருமுவேன்.
தோட்டப்பாளையத்தில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.
குழாயில் வெறும் காற்று.
அதுவும் என்னோடு சேர்ந்து இருமும்.
எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது,
நைட்டியை வாயில் அடைத்துக்கொண்டு,
ராத்திரி இரண்டு மணிக்கு.
காட்பாடிப் பக்கம் ரயில் ஊதியது.
அதில் இறங்குகிறவர்களுக்குக் காலையில்
லாட்ஜ் வேண்டும், சிம் கார்டு வேண்டும்,
ஆதாருக்கு முன்பக்கம் பின்பக்கம் வேண்டும்.

இன்றைக்குப் புதன்.
பன்னிரண்டு மணி வெயிலில் ஒருவர்
பெரிய மஞ்சள் கவரோடு வந்தார், கூட யாருமில்லை.
கை நடுங்கியது.
வாயைத் திறந்தேன்.
வழக்கமாக வரும் வாக்கியம் வரவில்லை,
எங்கேயோ தொண்டைக்குக் கீழே, பதினோரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில்
சிக்கிக்கொண்டது.
"எத்தனை காப்பி?"
இரண்டு விரலைக் காட்டினார்.
கடையில் இருக்கும் ஒரே ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
அவர் உட்கார்ந்தார், எனக்கு இருமல் வந்தது,
தன் தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டினார்.
குடித்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

மூடிக்கு அடியில் அந்தப் பச்சை வெளிச்சம்
இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குப் போய்வந்தது.
ஒரு காப்பி விழுந்தது.
இரண்டாவதில் பேப்பர் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது.
பழைய மெஷின், அடிக்கடி நடப்பதுதான்,
பக்கக் கதவைத் திறந்து உருவினால் வந்துவிடும்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் கதவில் கை வைத்தபடி
கொஞ்ச நேரம் திறக்காமல் நின்றேன்.